பாச்சை உருண்டையும் பன்னிரண்டு சதவீதமும்

“மேடம், உங்க குழாய் மறுபடியும் பொய் சொல்லுது.”

ஸ்மராந்தா பியெத்ராரு அப்போது மேசைக்கு அடியில் மண்டியிட்டு, தண்ணீர்த் தொட்டியில் எங்கே கசிகிறது என்று தேடிக்கொண்டிருந்தாள். கசிவு எதுவும் இல்லை. இல்லை என்று தனக்கே தெரிந்ததைத் திங்கட்கிழமை காலையில் நாலாவது தடவையாகத் தேடுகிற அளவுக்கு அவளை வெறுப்பேற்றியிருந்தார்கள்.

“குழாய்க்கு வாய் இல்லப்பா. பொய் சொல்றதுக்கு வாய் வேணும். அது உன் கம்ப்யூட்டர் பக்கம்தான் கொஞ்சம் அதிகமா இருக்கு” என்றாள், தலையை வெளியே எடுக்காமலே.

வாசலில் காபிக் கோப்பையோடு நின்ற ஹொராட்சியு செர்னாத் சிரித்தான். முப்பத்து நாலு வயது. அடுத்த அறையில் அவனும் அவனுடைய கம்ப்யூட்டர்களும் இருந்தார்கள். அந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்மராந்தா அளப்பவள், ஹொராட்சியு கணிப்பவன். இரண்டு பேருக்கும் நடுவே இருந்தது ஒரு சுவர், பன்னிரண்டு சதவீதம் வித்தியாசம், நாலு வருஷத்து எரிச்சல்.

இது என்ன வித்தியாசம் என்று சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. துணிப்பெட்டியில் போடுகிற பாச்சை உருண்டை இருக்கிறதே, அது நாஃப்தலீன். மண்ணெண்ணெயைச் சுத்தமாகப் பிரித்தால் கிடைக்கிற பல திரவங்களில் ஒன்று டெக்கேன். டெக்கேனில் நாஃப்தலீனைக் கரைத்தால், யாரும் கலக்காமலே அது தானாக மெல்ல மெல்லப் பரவும். எவ்வளவு வேகத்தில் பரவும்? அதுதான் கேள்வி. ப்ளொயேஷ்ட் ஊரில் நூற்றைம்பது வருஷமாக எண்ணெய் எடுக்கிறார்கள், காய்ச்சுகிறார்கள், விற்கிறார்கள். ஆனாலும் எண்ணெய்க்குள் ஒரு பொருள் எப்படி நகர்கிறது என்று கேட்டால், ஒரே கட்டடத்தில் இரண்டு பதில்.

ஸ்மராந்தாவிடம் இருபது மீட்டர் நீளத்தில் ஓர் எஃகுக் குழாய் இருந்தது. உட்துளை குண்டூசி நுழைகிற அளவுதான். கொசுவத்திபோல் சுருட்டி, இருபத்தைந்து டிகிரியில் நிற்கிற தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தியிருந்தாள். அதன் வழியே டெக்கேன் ஆமை வேகத்தில் ஓடும். ஒரு முனையில் நாஃப்தலீன் கரைந்த ஒரே ஒரு துளியை உள்ளே விடுவாள். இரண்டு மணி நேரம் கழித்து மறு முனையில் அது வெளியே வரும்போது, பழைய துளியாக இருக்காது. முன்னும் பின்னும் இழுபட்டு நீண்டிருக்கும். கருவி அதை ஒரு மேடாக வரைந்து காட்டும். மேடு ஒல்லியாக இருந்தால் பொருள் சுறுசுறுப்பாகப் பரவுகிறது. குண்டாக இருந்தால் சோம்பேறி. கேட்பதற்குத் தலைகீழாகத்தான் தோன்றும். முதல் தடவை கேட்ட எல்லோருமே “மாத்திச் சொல்றீங்களா?” என்று கேட்டிருக்கிறார்கள். அவளும் இல்லை இல்லை என்று சொல்லிச் சலித்துவிட்டாள்.

அவள் குழாய் சொன்ன எண் ஒன்று புள்ளி ஆறு இரண்டு. ஹொராட்சியுவின் கம்ப்யூட்டர் சொன்னது ஒன்று புள்ளி நாலு மூன்று. உலகத்தில் எல்லோரும் நம்புகிற ஜெர்மன் கையேட்டிலும் ஒன்று புள்ளி நாலு மூன்றுதான்.

“கையேடும் நானும் ஒரு பக்கம். நீங்க மட்டும் ஒரு பக்கம். எனக்குச் சங்கடமா இருக்கு மேடம்” என்றான் ஹொராட்சியு.

“சங்கடப்படற மூஞ்சியைப் பாரு. கல்யாண வீட்டுல பாயசம் கிடைச்ச மாதிரி இருக்கு.”

“ப்ரொஃபசர் கூப்பிடறாரு. ரெண்டு பேரையும்.”

நிலையத்தின் தலைவர் ப்ரொஃபசர் லெயோனிதா பர்சான் கெட்டவர் இல்லை. காகிதத்தை நம்புகிறவர், அவ்வளவுதான். விமான எரிபொருள் வடிகட்டி செய்கிற நாலு நாட்டுக் கூட்டாளிகளுக்கு அறுபத்திரண்டு எண்கள் கொண்ட ஓர் அட்டவணை அனுப்ப வேண்டும். வியாழக்கிழமை மதியம் கடைசி.

“இங்க பாருங்க ஸ்மராந்தா” என்றார் அவர். “சோதனை ஜோடின்னு ஒண்ணு வெச்சிருக்கோம். நாஃப்தலீன், டெக்கேன். கையேட்டுல இருக்கற ஒரே ஜோடி அதுதான். அதுல உங்க குழாய் பன்னெண்டு சதவீதம் தள்ளி நிக்குது. மீதி அறுபத்தொண்ணை நான் எப்படி நம்பறது?”

“குழாய் சரியா இருக்கு ப்ரொஃபசர். கையேடுதான் தப்பு.”

“கையேடு தப்பு” என்று அவர் மெல்லத் திருப்பிச் சொன்னார், வாயில் கல் அகப்பட்டதுபோல. “அதுக்குக் காகிதம் இருக்கா? வியாழக்கிழமைக்குள்ள காகிதம் கொண்டு வாங்க. இல்லாட்டி ஹொராட்சியுவோட எண்கள் போகும். உங்க ரூமையும் அப்பறம் அவனுக்கே குடுத்துடலாம்னு இருக்கேன். குழாயை வெச்சுக்கிட்டு என்ன பண்றது, சொல்லுங்க.”

நாலு வருஷம். அறுபத்திரண்டு ஜோடி, ஒவ்வொன்றும் ஆறு தடவை. ஸ்மராந்தா எழுந்து வெளியே வந்துவிட்டாள். இன்னும் உட்கார்ந்திருந்தால் சத்தம் போட்டிருப்பாள்.

அறைக்குத் திரும்பியதும் டெக்னீஷியன் ஃபனிகாவைக் கூப்பிட்டாள். அவருக்கு ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. அந்த ஒரு வருஷத்தையும் உட்கார்ந்தே கழிப்பது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

“ஃபனிகாண்ணே, குழாயைக் கழட்டணும். பாதரசம் நிரப்பி எடை போட்டு உட்துளையை மறுபடி பாக்கணும்.”

“போன மாசம்தானேம்மா பாத்தோம்?”

“பாத்தோம்.”

“அதுக்கு முந்தின மாசம்?”

“பாத்தோம்ண்ணே.”

“துளை வளர்றதுக்கு அது என்ன பச்சைப் புள்ளையா?” என்று முனகிக்கொண்டே அவர் ஸ்பானரைத் தேடினார். அது அவர் பாக்கெட்டிலேயே இருந்தது.

துளை வளரவில்லை. தெர்மாமீட்டரை வேறொன்றோடு ஒப்பிட்டாள், சரி. பம்ப் சரி. கடிகாரம் சரி. டெக்கேன் புதுப் புட்டி. செவ்வாய்க்கிழமை காலை மறுபடி துளியை விட்டாள். சாப்பாட்டு நேரத்துக்கு மேடு வந்தது. ஒன்று புள்ளி ஆறு இரண்டு. யானை படுத்த மாதிரி அதே இடத்தில் கிடந்தது. இந்த எண்ணாவது கொஞ்சம் மனம் மாறக் கூடாதா என்று அவளுக்கே தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கான்டீனில் புளிப்பு சூப்பை வைத்துக்கொண்டு ஹொராட்சியு எதிரே வந்து உட்கார்ந்தான்.

“என்ன ஆச்சு மேடம்? ஒத்துக்கிட்டதா?”

“ஒண்ணு கேக்கறேன். உன் கம்ப்யூட்டர் அந்த எண்ணைத் தானா கண்டுபிடிச்சதா?”

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். “தானான்னா? பெட்டிக்குள்ள ஐந்நூறு மூலக்கூறு போடறேன். ஒண்ணை ஒண்ணு எவ்வளவு இழுக்குது, எவ்வளவு தள்ளுதுன்னு திருகு மாதிரி சில எண் இருக்கு. அதைத் திருப்பணும்.”

“எதுவரைக்கும் திருப்பறது?”

“தெரிஞ்ச ஜோடி சரியா வர்ற வரைக்கும்.”

“தெரிஞ்ச ஜோடின்னா எது?”

ஹொராட்சியு சூப்பைப் பார்த்தான். “நாஃப்தலீன், டெக்கேன்.”

“அடப்பாவி! கையேட்டைப் பாத்துக் காப்பியடிச்சுட்டு, நானும் கையேடும் ஒரே விடைன்னு நாலு வருஷமா மார் தட்டறியே!”

“காப்பி இல்ல மேடம். அதுக்குப் பேரு பொருத்தறது. உலகமே அப்படித்தான் செய்யுது.”

“சரி, பொருத்தினே. கையேடு எங்கேர்ந்து பொறுக்கிச்சு? அளந்தவன்னு ஒருத்தன் இருப்பான்ல? எந்த மடையன் அவன்?”

“முப்பது வருஷமா நிக்கிற எண்ணை அளந்தவரை மடையன்னு சொல்றீங்க.”

“மடையன்தான். சோம்பேறி மடையன். கண்டுபிடிச்சு இங்க கொண்டாந்து நிறுத்தறேன் பாரு.”

சூப்பை அப்படியே விட்டுவிட்டு நூலகத்துக்குப் போனாள். நூலகத்தைப் பார்த்துக்கொண்ட ஸம்ஃபீரா, கேட்கிற புத்தகம் எல்லாம் “போன வாரம்தான் இங்க பார்த்தேன்” என்று சொல்லுகிற பெண். ஜெர்மன் கையேட்டை எடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: மாஸ்கோ தொகுப்பு, மூன்றாம் பாகம். மூன்றாம் பாகத்தைக் காணோம். ஒன்று இருந்தது, இரண்டு இருந்தது, நாலு இருந்தது.

“போன வாரம்தான்...” என்று ஆரம்பித்தாள் ஸம்ஃபீரா.

“போன வாரத்தைப் பத்திப் பேசினே, எனக்குக் கெட்ட கோவம் வரும்!”

மூன்றாம் பாகம் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க முட்டாக வைக்கப்பட்டிருந்தது. எட்டு வருஷமாக அங்கேதான் நின்றதாம். அதில் ரஷ்ய எழுத்தில் இன்னொரு குறிப்பு. மடையன் மாஸ்கோவிலும் இல்லை. ஸ்மராந்தா விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றாள்.

ப்ளொயேஷ்ட். நிலையச் செய்தி மலர், 1986. பக்கம் நாற்பத்தொன்று.

“இது நம்ம மலரு!” என்றாள். “நம்ம கட்டடத்துலயே யாரோ ஒருத்தன்! இத்தனை வருஷமா இந்த ஊர்ல என்கூட ஒரே பஸ்ல போயிருப்பான்!”

பழைய மலர்கள் அடித்தளத்தில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. ஃபனிகா இரண்டு கட்டுகளைப் பிரித்து, தும்மி, மூன்றாவதில் எடுத்துக் கொடுத்தார். நாற்பத்தொன்றாம் பக்கம். பதினொரு ஜோடிகள். நாஃப்தலீன், டெக்கேன்: ஒன்று புள்ளி இரண்டு மூன்று ஆறு. அளவு வேறு, நாள் ஒன்றுக்கு எத்தனை சதுர சென்டிமீட்டர் என்ற பழங்காலக் கணக்கு. அங்கேயே நின்று தீப்பெட்டி அளவுக் கால்குலேட்டரில் மாற்றிப் போட்டாள். ஒன்று புள்ளி நாலு மூன்று.

அகப்பட்டான்! பக்கத்தைத் திருப்பித் தலைப்புக்கு வந்தாள். கீழே இரண்டு பெயர்கள். தி. கெலாசே. எஸ். ஹுர்முஸ்.

“யாரும்மா அது?” என்று எட்டிப் பார்த்தார் ஃபனிகா. “கெலாசே நம்ம பழைய பெரியவரு, செத்துப் போயிட்டாரு. ஹுர்முஸ் யாரு? அப்படி ஒரு ஆள் இருந்ததா எனக்கு ஞாபகமே இல்லையே.”

ஸ்மராந்தா மலர்க் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தாண்ணே” என்றாள். “கல்யாணத்துக்கு முந்தி.”

எண்ணை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? அவளுக்கு ஞாபகம் இருந்தது குளிர் மட்டும்தான். எண்பத்தைந்தாம் வருஷத்து ஜனவரி. அவளுக்கு இருபத்தாறு வயது. அப்போது இந்தக் குழாய் கிடையாது. நடுவே சல்லடைக் கண்ணாடி வைத்த ஒரு குடுவை; மேல் பாதியில் வெறும் டெக்கேன், கீழ்ப் பாதியில் நாஃப்தலீன் கரைசல்; இரண்டு பக்கமும் ஒரு சின்னக் கலக்கி சுற்றிக்கொண்டிருக்கும். மூன்று நாள், நாலு நாள் தொட்டிக்குள்ளே கிடந்தால், இங்கிருந்து அங்கே எவ்வளவு போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். தொட்டி இருபத்தைந்து டிகிரியில் இருக்க வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் மின்சாரம் சாயங்காலம் ஆனால் போய்விடும். இரண்டு மணி நேரம், நாலு மணி நேரம், சில நாள் காலையிலும். அறையைச் சூடாக்குகிற கேஸில் அழுத்தம் கிடையாது. அறைக்குள்ளே பேசினால் வாயிலிருந்து புகை வரும். கோட்டைப் போட்டுக்கொண்டு, கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட்டு எழுதினாள். மின்சாரம் வரும்போது தொட்டி ஏறும், போகும்போது இறங்கும். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தபோது பதிமூன்று டிகிரி.

எழுதுகிற படிவத்தில் “வெப்பநிலை: 25” என்று முதலிலேயே அச்சடித்திருந்தது. அளந்த எண்ணை நிரப்ப மட்டும்தான் இடம். அவள் கெலாசேயிடம் போய்க் கேட்டாள், இதை அடித்துத் திருத்தட்டுமா என்று. அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “அடிச்சுத் திருத்தினா, மேல இருக்கறவன் ஏன்னு கேப்பான் பொண்ணு. கட்டடத்துல குளிருதுன்னு நீ எழுதணும். குளிருதுன்னு எழுத முடியுமா?” முடியாது. குறை என்று எழுதினால் வேலை போகிற கம்யூனிஸ்ட் ஆட்சி; அந்த வருஷம் காகிதத்தில் யாருக்கும் குளிரவில்லை. அவள் அச்சடித்ததை அப்படியே விட்டுவிட்டாள்.

அது மாஸ்கோவுக்குப் போய், அங்கிருந்து ஜெர்மனிக்குப் போய், கெட்டி அட்டை போட்டுக்கொண்டு, அவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் திரும்பி வந்திருக்கிறது!

மேலே ஏறி ஹொராட்சியுவின் அறைக்குள் போய், மலரை அவன் விசைப்பலகை மேலேயே வைத்தாள்.

“மடையனைக் கண்டுபிடிச்சுட்டேன்.”

அவன் படித்தான். “ஹுர்முஸ். யாரு இவரு?”

சொன்னாள். படிவத்தையும் குளிரையும் பதிமூன்று டிகிரியையும் சேர்த்தே சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, சிரிப்பு வடிந்து போயிற்று.

“இருங்க மேடம். இருங்க. என் திருகெல்லாம் இந்த எண்ணுக்குத்தான் திருப்பி வெச்சிருக்கேன்.”

“ஆமா.”

“அப்படின்னா நாலு வருஷமா நான் டெக்கேனைக் கணிக்கல. எண்பத்தஞ்சு ஜனவரில உங்க ரூம் எவ்வளவு குளிரா இருந்ததுன்னு கணிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்!”

“கிட்டத்தட்ட.”

“அறுபத்திரண்டு ஜோடிக்கும்!”

“கத்தாதப்பா.”

“நான் கத்தல!” என்று கத்தினான். எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தான். “பட்டம் வாங்கினேன் மேடம் இதை வெச்சு! ஒரு பேனாவை எடுத்து அந்த இருபத்தஞ்சை அடிச்சிருக்கக் கூடாதா? ஒரு கோடு! ஒரே ஒரு கோடு!”

“அந்த வருஷம் நீ எங்க இருந்தே?”

“எனக்கு அஞ்சு வயசு.”

“குளிரலையா உனக்கு?”

அவன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான். அவனும் இந்த ஊர்க்காரன்தான். அம்மா ராத்திரி கோட்டோடு படுக்க வைத்தது அவனுக்கும் ஞாபகம் இருக்கும்.

குரலை இறக்கிச் சொன்னான்: “இதை ப்ரொஃபசர்கிட்ட சொன்னா என்ன கேப்பாரு தெரியுமா? அப்போ பொய் எண் குடுத்தவங்க இப்போ குடுக்கறது மட்டும் எப்படி உண்மைன்னு கேப்பாரு.”

அவளுக்கும் அது தெரியும். படியேறி வரும்போதே தெரிந்துவிட்டது. குழாயைக் காப்பாற்ற வேண்டுமானால் ஹுர்முஸைப் பொய்க்காரி என்று நிரூபிக்க வேண்டும். ஹுர்முஸ் பொய்க்காரி என்றால் பியெத்ராரு யார்? இப்படி ஒரு முடிச்சை எதிரிகூடப் போட மாட்டான்.

“நிரூபிக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு” என்றாள் கடைசியில். “குழாயைக் குளிர வைக்கணும். டிகிரியை ஒவ்வொண்ணா இறக்கிட்டே போனா எங்கயோ ஒரு இடத்துல ஒண்ணு புள்ளி நாலு மூணு வரும்.”

“வரத்தான் செய்யும். எண்ணுக்குப் பொருந்தற டிகிரியைத் தேடிப் பிடிச்சா யாருக்கும் வரும். அதுக்குப் பேரு காப்பின்னு மத்தியானம் நீங்கதான் திட்டினீங்க.”

“முழுசாக் கேளு. இந்த மலர்ல பதினொரு ஜோடி இருக்கு. அதுல டெக்கேன்ல கரைச்ச பென்சீனும் ஆந்த்ரசீனும் அதே குளிர்காலத்துல, அதே தொட்டியில அளந்தது. நாஃப்தலீனை வெச்சு டிகிரியைக் கண்டுபிடிப்போம். அப்பறம் தொட்டியைத் தொடாம அந்த ரெண்டையும் ஓட்டுவோம். அதுவும் மலர்ல இருக்கற மாதிரியே வந்தா?”

ஹொராட்சியு தலையைச் சொறிந்தான். “வந்தா, உங்க குழாய் நல்ல குழாய். வராட்டி?”

“வராட்டி ரூமை எடுத்துக்கோ.”

நல்ல யோசனைதான். ஆனால் அது ஜூன் மாதம். வெளியே முப்பத்து மூன்று டிகிரி, தடித்த சுவருக்குள்ளேயே இருபத்து நாலு. அந்தத் தொட்டிக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. குளிரூட்டும் பாகம் வேண்டும் என்று ஸ்மராந்தா மூன்று வருஷமாக எழுதிப் போட்டு, மூன்று வருஷமாக “பரிசீலனையில் உள்ளது” என்ற பதில் வாங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கரண்ட் இல்லாமல் குளிர்ந்தது. இன்றைக்குக் கரண்ட் இருந்தும் குளிரவில்லை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஃபனிகா கான்டீன் உறைபெட்டியிலிருந்து பனிக்கட்டியாக உறைந்த தண்ணீர்ப் பாட்டில்களைக் கூடையில் தூக்கி வந்தார். கான்டீன்காரி பின்னாலேயே வந்தாள்.

“மீன் வைக்கிற இடம்யா அது! மீனை எங்க வெச்சுட்டு வந்தே?”

“மீன் ஒரு நாள் வெயிலைப் பாக்கட்டும்” என்றார் ஃபனிகா.

பாட்டிலைப் போட்டால் தொட்டி பதினேழுக்கு இறங்கியது. எடுத்தால் இருபத்திரண்டுக்குத் தாவியது. பாதி பாட்டில், கால் பாட்டில் என்று பழகுவதற்கே இரண்டு மணி நேரம் போயிற்று. ஃபனிகா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தெர்மாமீட்டரைக் கண் கொட்டாமல் பார்த்து, “ஏறுது” என்பார். ஹொராட்சியு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாட்டிலை அமிழ்த்துவான். “இறங்குது” என்பார். எடுப்பான். கம்ப்யூட்டரைத் தவிர எதையும் தொட்டறியாத கை, பத்து மணிக்குள் சிவந்து மரத்துப் போயிற்று.

“இதுக்குத்தான் நான் கணிப்புப் பக்கம் வந்தேன் மேடம்” என்றான், விரல்களை ஊதிக்கொண்டு. “பெட்டிக்குள்ள டிகிரியை டைப் அடிச்சாப் போதும். நிக்கும்.”

“ஆமா. டைப் அடிச்ச டிகிரியோட லட்சணத்தைத்தான் இப்பப் பாத்துக்கிட்டு இருக்கோம்.”

இருபத்தொன்றில் ஓட்டினார்கள்: ஒன்று புள்ளி நாலு ஒன்பது. பத்தொன்பதுக்கு இறக்கி ஓட்டினார்கள்: ஒன்று புள்ளி நாலு மூன்று. யாரும் கொண்டாடவில்லை. இது தேடிப் பிடித்த எண். இதற்கு மரியாதை கிடையாது. தொட்டியைப் பத்தொன்பதிலேயே பிடித்து வைத்துக்கொண்டு பென்சீனை விட்டார்கள். நடுவில் யாரோ கதவைத் திறந்து, “இங்க பனிக்கட்டி இருக்காமே, கொஞ்சம் கிடைக்குமா?” என்று கேட்டபோது, மூன்று பேரும் சேர்ந்து போட்ட சத்தத்தில் அந்த ஆள் கதவைச் சாத்தவும் மறந்து ஓடிவிட்டார்.

பென்சீன் மலரில் இருந்ததைவிட ஒரு சதவீதம் அதிகம். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஆந்த்ரசீன். மேடு மெல்ல ஏறி, உச்சிக்கு வந்து, இறங்கியது. ஹொராட்சியுதான் கணக்குப் போட்டான். மறுபடி போட்டான். பிறகு தாளை அவளிடம் நீட்டினான். அரை சதவீதம்.

“சனியன்!” என்றான் ஆழமாக. “எல்லாத்தையும் முதல்லேர்ந்து திருகணும்.”

வியாழக்கிழமை காலை இரண்டு பேரும் ப்ரொஃபசர் பர்சானின் மேசை முன்னால் உட்கார்ந்தார்கள். அவர் மலரைப் படித்தார், மூன்று மேடுகளையும் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி. கையேடு தப்பா இருக்கலாம். ஆனா இது உங்க அனுமானம். கூட்டாளிகளுக்கு அனுப்பணும்னா, அளந்த ஆளே எழுதிக் குடுக்கணும். இந்த ஹுர்முஸ் உயிரோட இருக்காரா? ஆளைக் கண்டுபிடிங்க.”

“உயிரோடதான் இருக்கா. உங்க முன்னாடி உக்காந்திருக்கா.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், வேறு யாராவது உள்ளே வந்திருக்கிறார்களா என்பதுபோல. விளங்கியதும் முகம் சுருங்கியது.

“அப்போ... நீங்களே தப்பான வெப்பநிலை எழுதி...”

“எழுதல. அச்சடிச்சிருந்ததை அடிக்காம விட்டேன். ரெண்டும் ஒண்ணுதான், தெரியும்.”

“ஸ்மராந்தா! அன்னிக்கு அப்படி. இன்னிக்கு நீங்க குடுக்கறதை நான் எதை வெச்சு...”

“என்னை வெச்சு” என்றான் ஹொராட்சியு. ப்ரொஃபசரும் திரும்பினார், ஸ்மராந்தாவும் திரும்பினாள். அவனுக்கே அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. “நேத்து பத்து மணி நேரம் அந்தத் தொட்டியை நான்தான் பிடிச்சிருந்தேன். கை இன்னும் வலிக்குது. ரெண்டாவது ஜோடியும் மூணாவது ஜோடியும் தானா வந்து விழுந்தது ப்ரொஃபசர். கெட்ட குழாய்க்கு அப்படி விழாது. என் எண்ணை அனுப்பினீங்கன்னா, அறுபத்திரண்டும் பன்னெண்டு சதவீதம் தப்பு. அந்த வடிகட்டி ஒழுங்கா வேலை செய்யாது. நானே கையெழுத்துப் போட மாட்டேன்.”

ப்ரொஃபசர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சிலேயே பாதி சம்மதம் இருந்தது. மீதிப் பாதிக்குக் காகிதம் வேண்டும். ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். அவள் எழுதினாள். நிறுத்தாமல், ஒரே மூச்சில், நாலு வரி. அவர் வாங்கி வாய்விட்டே படித்தார்.

“‘1986 மலரில் எஸ். ஹுர்முஸ் என்ற பெயரில் வெளியான அளவுகள், அச்சிட்டபடி இருபத்தைந்து டிகிரியில் எடுக்கப்பட்டவை அல்ல. மின்வெட்டினால் தொட்டி சுமார் பத்தொன்பது டிகிரியில் இருந்தது. அன்றே திருத்தாமல் விட்டது நான். இப்படிக்கு, ஸ்மராந்தா பியெத்ராரு, பிறந்த வீட்டுப் பெயர் ஹுர்முஸ்.’ நல்லா இருக்கு. ஆனா இந்த ‘சுமார்’ வேண்டாம். விஞ்ஞானக் கடிதத்துல சுமார்னா சிரிப்பாங்க. பத்தொன்பது புள்ளி சைபர்னு போட்டுடுங்க.”

“முடியாது.”

“ஒரு வார்த்தைதானே ஸ்மராந்தா!”

“தொட்டி ஏறி இறங்கிட்டே இருந்தது ப்ரொஃபசர். கரண்ட் போனப்போ கலக்கியும் நின்னு போச்சு. அதோட பங்கு எவ்வளவு, குளிரோட பங்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. பத்தொன்பதுங்கறது ஒரு பேச்சுக்கு. புள்ளி சைபர்னு போட்டா அது இன்னொரு அச்சடிச்ச இருபத்தஞ்சு.”

“அவங்க படிவத்துல புள்ளிக்கப்பறம் ஒரு கட்டம் இருக்கு. நிரப்பித்தான் ஆகணும்.”

“கட்டம் காலியா இருக்கட்டும்.”

“காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது!”

“அதுக்கு நான் என்ன பண்றது? உங்க படிவத்தை மாத்தச் சொல்லுங்க!” அவள் குரல் வராந்தா வரை கேட்டது. “எங்களுக்கு என்ன ஆச்சுன்னு எழுதறதுக்கு ஒரு படிவத்துலயாவது இடம் இருக்கா? அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல!”

ஹொராட்சியு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ப்ரொஃபசர் தாளையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மதியத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அட்டவணையின் உறையை எடுத்து, ஹொராட்சியுவின் தாள்களை உருவி அவனிடமே கொடுத்தார். குழாயின் அறுபத்திரண்டு எண்களையும் உள்ளே வைத்தார். கடைசியாக அவளுடைய நாலு வரியைக் கையில் எடுத்து, மேசைமேல் மூன்று பேனாக்களை எழுதிப் பார்த்து, நாலாவது எழுதியதும், “சுமாராம், சுமார்” என்று முணுமுணுத்துக்கொண்டே ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.